சஹாரி கட்டிய கயிறுகள்

பல்கேரியாவின் சோபியா நகரில், எங்கள் சினிமா கிராபிக்ஸ் ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரன் சஹாரி. பல வருடமாக அவனுக்கு ஒரே வேலை, அழிப்பது. விண்வெளி வீரனைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி, ஹெல்மெட் கண்ணாடியில் தெரியும் கேமராக்காரரின் தொப்பை என்று எல்லாவற்றையும் பிரேம் பிரேமாகத் துடைத்தெடுப்பான். வேலை சுத்தமாக இருந்தால் ஒன்றுமே தெரியாது.

“இதுல நீ பண்ணது எதுடா?” என்று ஒவ்வொரு படத்துக்கும் அவன் அம்மா ஸ்தோயான்கா கேட்பாள்.

“அங்க இல்லாம இருக்கு பாரு, அதும்மா.”

கீழ்வீட்டு ரைனா விழுந்து விழுந்து சிரிப்பாள். “மந்திரிக்கு அப்புறம், இல்லாததக் காட்டிச் சம்பளம் வாங்குறது உம்புள்ளதான்!”

திரையில் அம்மாவுக்கு விரல் நீட்டிக் காட்ட ஒன்றே ஒன்று வேண்டும். அவனுக்கு அதுவே ஏக்கமாகிவிட்டது.

ஒரு மார்ச் மாதம், ஊருக்கு வெளியே வேற்றுக்கிரகப் படம் ஒன்றை எடுத்தார்கள். கிரகத்துப் படை முழுக்க எங்கள் ஊர்க்காரர்கள்தான், ரைனா உட்பட. உடம்பெல்லாம் சாம்பல் சாயம் பூசச் சம்மதித்தார்கள். கொம்பு வைக்கவும் சம்மதித்தார்கள். ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி, நோய்நொடி அண்டாமலிருக்க மார்ச் முதல் தேதி மணிக்கட்டில் கட்டிய சிவப்பு வெள்ளைக் கயிற்றை, வானத்தில் நாரையைப் பார்க்கும்வரை அவிழ்க்க ஒருத்தரும் தயாரில்லை. அமெரிக்க இயக்குநர் எடிட்டிங்கில்தான் அதைப் பார்த்து அலறினார்.

“ஊரு சனத்தோட கயிற நானே அவுக்குறேனே, பாவம்டா” என்று புலம்பிக்கொண்டே சஹாரி அத்தனையையும் அழித்தான். அப்புறம் அந்தக் கைகளுக்குச் செதிலும் ஆறாவது விரலும் முளைத்தன.

கடைசி வரிசையில் ஒரு கயிறு மட்டும் தப்பிவிட்டது. முன்னோட்டம் பார்த்த பெரிய மனிதர் ஒருவர், “ஆகா, என்ன ஆழமான குறியீடு!” என்று உருகினார். இயக்குநர் இமைகூடக் கொட்டவில்லை. “ஆரம்பத்திலிருந்தே என் மனதில் இருந்தது” என்றவர், எல்லாக் கையிலும் அது வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

பழைய கயிறு புதுக் கைகளில் பொருந்தவில்லை. சஹாரி கம்ப்யூட்டரில் இழை இழையாக முறுக்கினான். காற்றில் ஆடவிட்டான், மழையில் நனையவிட்டான். அவன் விசிலடித்து நான் கேட்டது அந்த ஒரு மாதம்தான். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

படம் வந்தது. தொலைக்காட்சியில் இயக்குநர், கயிறெல்லாம் அசல், கம்ப்யூட்டர் தொடவே இல்லை என்று மார்தட்டினார். படையாக நடித்த ஊர்க்காரர்களோடு நாங்கள் எல்லோரும் சேர்ந்து தியேட்டருக்குப் போனோம். திரை நிறையக் கயிறு. சஹாரி அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினான்.

“அம்மா, அந்தக் கயிறு! அது நான் பண்ணது!”

பின்சீட்டிலிருந்து ரைனா எழுந்தே விட்டாள். “டேய், என்ன புளுகுற? அது என் கை. எந்தங்கச்சி கட்டிவிட்ட கயிறு!”

“உங்களுக்கு ஆறு விரலாக்கா?”

“ஆறோ அறுபதோ, கயிறு என்னுது!”

“என்னுதும் அசல்தான்” என்று வரிசைக்கு வரிசை குரல் எழுந்தது. சஹாரி அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“விடுடா கண்ணு. ஒண்ணுமில்லாததக் காட்டி நீ பண்ணதுன்னு சொன்னப்பல்லாம் நான் நம்பத்தானே செஞ்சேன். இப்ப எதுக்குப் பொய்?”