வேற்றுக்கிரகத்து வாரிசு

மாசி சிவராத்திரி அன்று காலையில் கோச்சடையில் எங்கள் தெரு காலியாகிவிடும். வேன் பிடித்து, பொங்கல் பானை, விறகு, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு அவரவர் குலதெய்வம் இருக்கும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கீழ்வீட்டுக்காரர் வருடா வருடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"அண்ணே, நீங்க கிளம்பலையா?"

முதுகுவலி என்பேன். போவதற்கு இடமில்லை என்று எப்படிச் சொல்வது?

என் குலதெய்வம் எது என்று எனக்குத் தெரியாது. கோயிலில் யார் வீட்டுப் பொங்கல் அடுப்பை முதலில் பற்றவைப்பது என்று அப்பாவும் அவர் தம்பியும் சண்டை போட்டுப் பிரிந்தபோது நான் கைக்குழந்தை. "அந்தச் சாமி பேச்ச இந்த வீட்டுல எடுக்கப்படாது" என்று அப்பா சொன்னதோடு சரி. சாகும்வரை எடுக்கவில்லை. சோழவந்தானில் சித்தப்பா வீடு இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவின் சொத்தில் எனக்கு வந்தது அவருடைய வீம்பு ஒன்றுதான். அதை நான் பத்திரமாகவே வைத்திருந்தேன்.

மில் வேலையில் ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு மாடி வீட்டில் நானும் செல்போனும்தான். அதில் ஒருநாள் அந்த வீடியோ வந்தது. மனிதன் இந்தப் பூமியில் தோன்றியவனே அல்ல, ஏதோ ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்தவர்கள் அவனை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்றது ஒரு கனத்த குரல். அதற்கு ஆதாரம், மனிதனுக்கு மட்டும் முதுகு வலிக்கிறதாம். இந்தப் பூமியின் ஈர்ப்பு அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். எனக்கு முதுகு வலித்துக்கொண்டுதான் இருந்தது. நம்பிவிட்டேன்.

சிரிப்பீர்கள். ஆளில்லாத வீட்டில் ஒருவர் அக்கறையாக உட்கார்ந்து, நீ எங்கிருந்து வந்தவன் தெரியுமா என்று சொல்லும்போது கேட்கத்தான் தோன்றும். அதற்குப் பிறகு நாளுக்கு நாலு வீடியோ பார்த்தேன். பார்த்ததையெல்லாம் புனேயில் இருக்கும் மகனுக்கு அனுப்பினேன். அவன் ஒன்றும் சொல்லமாட்டான்.

அப்படி இருந்தவன் ஒருநாள் அவனாகவே போன் செய்தான். பேரனுக்கு முதல் மொட்டை போட வேண்டும்.

"நம்ம குலசாமி கோயில் எதுப்பா? எந்த ஊருல இருக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் விசாரிக்கச் சித்தப்பா வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு, ஒரு நட்சத்திர வீடியோவை அனுப்பி, "நம்ம பூர்வீகம் இதுதாம்ப்பா" என்று கீழே எழுதினேன். அன்று அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்துப் படம் வந்தது. சம்பந்தி வீட்டுக் கோயில். தாய்மாமன் மடியில் பேரன், மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்தப் பக்கத்து ஆட்கள். எங்கள் பக்கம் என்று என் மகன் ஒருவன்தான், அவனும் ஓரமாக நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் சோழவந்தானுக்குப் பஸ் ஏறினேன். கோடானுகோடி மைல் தூரத்தை ஒரே மூச்சில் நம்பியவனுக்கு, வழியில் சமயநல்லூர் வருவதற்குள் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது.

சித்தப்பா இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. அவர் மகன், நான் பார்த்தே இராத என் தம்பி, கதவைத் திறந்தார். அப்பா பெயரைச் சொன்னேன். "வாங்கண்ணே" என்றார், போன வாரம் வந்து போனவனை அழைப்பதுபோல. காபி கொடுத்துவிட்டு, என்னைப் பைக்கில் ஏற்றி வயலோரம் கூட்டிப்போனார். ஒரு வேப்பமரம், அடியில் செங்கல் பீடம், குத்தி வைத்த அரிவாள் ஒன்று. அவ்வளவுதான் கோயில்.

"வருசா வருசம் ஒங்க வீட்டுக்குன்னு மூணு கல்லு வச்சு அடுப்புக் கூட்டிருவோம்ணே. பத்த வைக்க மாட்டோம். மூத்தவரு வீட்டு அடுப்புத்தான் மொதல்ல எரியணும், அவுக வாராகளான்னு பாருங்கன்னு அப்பா சொல்லும். ரோட்டப் பாத்துக்கிட்டே செத்த நேரம் நிப்போம். அதுக்கப்புறந்தான் எங்க அடுப்பு. அப்பா போன பெறகும் அப்படித்தான்."

நான் கீழ்வீட்டுக்காரரிடம் முதுகுவலி என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலைகளில் இவர்கள் இங்கே நின்றிருக்கிறார்கள்.

"பேரனுக்கு மொட்டை போட்டாச்சு தம்பி. வேற கோயில்ல" என்றேன்.

"அதுக்கென்னண்ணே, முடி வளரும்ல" என்றார். முதல் முடி திரும்ப வராது என்பது அவருக்கும் தெரியும்.

மரத்தையும் பீடத்தையும் படம் எடுத்து, "இதுதாம்ப்பா நம்ம கோயில்" என்று மகனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"இதுவும் ஃபார்வர்டாப்பா?"

"இல்லப்பா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்று எழுதி அனுப்பினேன்.