டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்

அந்தப் படிவம் இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் அலுவலக இலக்குகள், இரண்டாவதில் சொந்த இலக்குகள். ஜனவரியில் எழுதிக் கொடுத்ததை ஜூலையில் எடுத்து, டீம் லீடும் எழுதியவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் முடிந்தது, நடக்கிறது, தள்ளிவைப்பு என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். நியூ ஜெர்சியில் நான் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில், 1999 ஜூலையில்தான் முதன்முறையாக லீடின் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் அக்கா.

அக்கா எனக்கு உறவில்லை. கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். எடிசன் நகரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு இரண்டு கட்டிடம் தள்ளிக் குடியிருந்தார். என் மகளும் அவர் மகளும் ஒரே வகுப்பு. நான்கு வருடமாக என் காரில்தான் வேலைக்கு வந்தார். வண்டிகள் பறக்கும் ஃப்ரீவே என்றால் அவருக்கு நடுக்கம். நான் எழுதும் புரோகிராம்களைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. பிழை கண்டுபிடித்துவிட்டால் என் இடத்துக்கு வந்து, "அம்மிணி, உன்ற புரோகிராம் மறுக்கா படுத்துக்கிச்சு. எந்திரிக்கச் சொல்லு" என்பார். அனுபவத்தில் மூத்தவர் அவர். கூட்டத்தில் எழுந்து ஆங்கிலத்தில் பேசத் தயங்கியதால் பதவி எனக்கு வந்தது. அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

"டீச்சரம்மா, பெஞ்சு மேல ஏத்தீராதீங்" என்று சிரித்துக்கொண்டேதான் அன்றைக்கு உள்ளே வந்தார். அலுவலகப் பக்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சொந்தப் பக்கத்தில் மூன்று வரிகள். தனியாக ஃப்ரீவேயில் காரோட்டுவது. "அடுத்த ஜென்மத்துல" என்றார். மகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது. "ககர வரிசையில நிக்குது, நடக்குதுன்னு போடு." மூன்றாவது, உடம்பை முழுமையாகப் பரிசோதித்துக்கொள்வது. அந்த வரிக்கு வந்ததும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்ப வந்து உட்காராமல் நாற்காலியைப் பிடித்தபடி, "மாருல ஒரு கட்டியாட்ட இருக்குது. ரெண்டு மாசமா. நெல்லிக்காய் அளவு" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதை மாற்றாமல் எழுத வேண்டும். "கொழுப்புக் கட்டியா இருக்கும்க்கா. எங்க சித்திக்கு இருந்துது. இங்க டாக்டர்கிட்ட போனா, அங்க போ இங்க போன்னு ரெண்டு மாசம் அலைய விடுவாங்க. டிசம்பர்ல ஊருக்குப் போறீங்கல்ல? அங்க ஒரே நாள்ல எல்லா டெஸ்ட்டும் எடுத்துடலாம்."

அப்போது எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். பல்வலி, கண்ணாடி, முதுகுவலி எல்லாமே ஊர்ப் பயணத்துக்கென்று மூட்டை கட்டி வைக்கப்பட்டவை. இங்கே மாதாமாதம் சம்பளத்தில் காப்பீட்டுக்குப் பிடித்தார்கள், நாங்களே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தோம், ஆனாலும் உடம்பைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஊர் டாக்டர்தான் வேண்டும். அது பாதி உண்மை. மறுபாதி, 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் குழம்பி நிற்காமல் இருக்க, ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்த பழைய புரோகிராம்களையெல்லாம் நான்கு இலக்கத்துக்கு மாற்றி முடிக்க எங்களுக்கு ஐந்து மாதமே இருந்தது. அக்கா இல்லாத ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பார்க்கவே புது லீடான எனக்குப் பயமாக இருந்தது. அவர் கட்டி என்று சொன்ன அந்தக் கணத்தில் என் மனதில் காலண்டர் ஓடியது.

அக்காவுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். முகம் தெளிந்துவிட்டது. "இதுக்குத்தான் உன்ற கிட்டச் சொல்றது. எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லீராதே, அந்த மனுசன் சோறு திங்க மாட்டாரு" என்றார். நான் 'தள்ளிவைப்பு' என்று குறித்து, பக்கத்தில் டிசம்பர் என்று எழுதினேன். அவர் கையெழுத்திட்டார்.

அக்டோபரில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: டிசம்பர், ஜனவரியில் யாருக்கும் லீவு கிடையாது. டீமைக் கூட்டி அதைப் படித்துச் சொன்னவள் நான். அக்கா தலை நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். நான் அடுத்த வரியைப் படித்தேன். அன்று மாலை காரில், "டிக்கெட்டைப் பிப்ரவரிக்கு மாத்தச் சொல்லீட்டேன்" என்றார். மேனேஜரிடம் தனியாகப் போய்க் கேட்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் ரேடியோவைப் போட்டேன். வருடம் மாறியது, ஒரு கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. எங்கள் டீமுக்குக் கேக் வெட்டினார்கள்.

பிப்ரவரியில் போனவர் வேலைக்குத் திரும்பவில்லை. கோயம்புத்தூரில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளாக என்பதுதானாம். அக்குள் வரை பரவியிருந்தது. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தில் அவரே எனக்குப் போன் செய்தார். குரல் நூலாக வந்தது. "ஒண்ணும் மனசுல வெச்சுக்காத அம்மிணி. நானுந்தான தள்ளிப்போட்டேன். எங்கூட்டுக்காரர்கிட்ட, ஒருத்தருகிட்டயும் சொல்லலைன்னுதான் சொல்லியிருக்கறேன். அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்." அவரைக் காப்பாற்ற வேண்டியிருந்தவள் நான். படுக்கையிலிருந்து அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த வருட ஆவணியில் போய்விட்டார்.

அதன்பிறகு என் மகள் இருமினால்கூட டாக்டருக்குப் போன் செய்கிறேன். அவளுக்கு இப்போது பதினான்கு வயது. "அம்மா, ஐம் ஃபைன். ஸ்டாப் இட்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று அவள் மூச்சைக் கேட்டிருக்கிறேன். இந்த வருட ஜனவரியில் என் சொந்தப் பக்கத்தை ஒன்றும் எழுதாமல் கொடுத்தேன். புது மேனேஜர் ஏன் என்று கேட்டார். ஒன்றும் தோன்றவில்லை என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் அக்காவின் கணவரைப் பார்த்தோம். மகளோடு வந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. கீழே கேன்டீனில் புளியோதரையைக் கிளறிக்கொண்டே, பார்க்கும்போதெல்லாம் சொல்வதை மறுபடியும் சொன்னார். "எட்டொம்பது மாசம் ஒருத்தருகிட்டயும் மூச்சு விடலைங்க. நான்தான் பயந்தாங்கொள்ளி, எங்கிட்டச் சொல்ல மாட்டா, சரி. உங்ககிட்டயாவது சொல்லியிருந்தா, நீங்க கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பீங்க. அவ மகராசி, அதையும் செய்யலை." நான் எப்போதும்போலத் தலையை ஆட்டினேன். அவர் மகள் அப்பாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது காரில் என் மகள், "டிட் ஆன்ட்டி டெல் யூ?" என்றாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு வருடப் பழக்கம் இருந்தது. "சொன்னாங்க" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "அங்கிள் திங்க்ஸ் ஷி டிட்ன்ட் ட்ரஸ்ட் எனிபடி" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நான் மறைத்தது என் குற்றத்தை மட்டும் என்று எண்ணியிருந்தேன். தன் மனைவி யாரையும் நம்பாமல், தனியாகப் பயந்துகொண்டு கிடந்தாள் என்று அந்த மனிதர் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. அக்கா ஒருத்தியை நம்பினார். கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்.

அக்காவின் கணவரிடம் சொல்ல இரண்டு முறை போனை எடுத்தேன், எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டேன். அதனால்தான் இதை நம் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதுகிறேன். மலர் அவர் வீட்டுக்கும் தபாலில் போகும். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் அவர்.