அம்மா சாம்பிராணி போட்ட வாரம்

என் அம்மா யானையை யானை என்று சொல்லமாட்டாள். 'பெரியவர்' என்பாள். பெயரைச் சொன்னால் வந்துவிடுமாம். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, நாங்கள் பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் இடுப்புப் பிள்ளை. "அங்க அட்டைக்கும் தொரைக்கும்தான் பயம். ரெண்டும் ரத்தத்த மட்டுந்தான் குடிக்கும். இங்க ஆளையே மிதிச்சிட்டுப் போவுது" என்பாள். கொழுந்து எடுக்கும்போது காட்டோரமாக நிற்கவேமாட்டாள். நாலு பேருக்கு நடுவில் புகுந்துகொள்வாள்.

என் மகளை வளர்த்தது அவள்தான். நான் ஃபேக்டரிக்கு ஷிஃப்ட் போய்விடுவேன். தேயிலைக் கறையேறிய விரல்களை எலுமிச்சைத் தோலால் தேய்த்த பிறகுதான் பேத்திக்குச் சோறு ஊட்டுவாள்.

"எனக்கு மட்டும் அந்தக் கறுப்பு விரலாலதானம்மா ஊட்டுன?"

"நீயே கறுப்பு. அதுல எது தெரியப் போவுது?"

அந்தப் பேத்தி தலைப்பிரசவத்துக்கு, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தாள். ஏழாம் மாதமே கொஞ்சம் ரத்தம் பட்டுவிட்டது. எழுந்து நடக்கவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். படுத்துக் கிடந்தவளுக்குப் பலாப்பழத்தின் மேல் ஆசை வந்தது.

எங்கள் தோட்டத்தில் அதைவிட ஆபத்தான ஆசை கிடையாது. பலா பழுக்கிற மாதங்களில் காயாக இருக்கும்போதே வெட்டி லயத்துக்கு வெளியே தூரமாகப் போட்டுவிடுவோம். பழுத்ததை யாரும் வீட்டுக்குள் கொண்டுவரமாட்டார்கள். அந்த வாசனைக்கு யானை எங்கிருந்தாலும் வந்துவிடும். பள்ளிக்கூடம் போகாத நான்கூட இதில் பாஸ்.

அந்த வாரம் அம்மா காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள். எங்கள் காம்பரா வீடு முழுக்கப் புகை.

"என்னம்மா, திடீர்னு இவ்வளவு பக்தி? சாமிக்கே இருமல் வரப் போவுது."

"புள்ளத்தாச்சி இருக்கிற ஊடு. கொசு வரும்."

நானும் நம்பினேன்.

யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஃபாரஸ்ட்காரர்களிடமிருந்து எங்களுக்கு ஃபோனில் மெசேஜ் வரும். அந்த வாரம் ஒரு நாள் மழையில் டவரும் இல்லை, கரண்டும் இல்லை. விளக்கு வைக்கிற நேரம். மகள் கட்டிலில் படுத்திருந்தாள். முதலில் வீட்டுக்குப் பின்னால் வாழை முறிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. சின்ன ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே வந்தது. சூடான, பச்சிலை நாற்றம் அடிக்கிற காற்று. அது மூச்சு.

கட்டிலை ஒட்டிய சுவர் அசைந்தது. காரை பெயர்ந்து மகளின் வயிற்றின் மேல் விழுந்தது. அவள் வாயை நான் பொத்தினேன். என் வாயைப் பொத்த ஆளில்லாமல் சேலையைக் கடித்துக்கொண்டேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது, ஓடச் சொல்லவும் முடியாது.

அம்மா தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். கம்பளி சுற்றின அண்டா வந்தது. மூடியைத் திறந்தாள். அந்த வாசனை சாம்பிராணியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

"அடிப்பாவி அம்மா" என்றேன், சத்தம் வராமல்.

"புள்ள கேட்டுச்சுல்ல" என்றாள். அவள் கையிலிருந்த மூடி அண்டாவில் தட்டிக்கொண்டே இருந்தது. "கதவத் தாழ் போட்டுக்க. நான் கூப்பிட்டாலும் தெறக்காத."

பழத்தைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக மழைக்குள் இறங்கினாள். காட்டோரமாக நிற்கக்கூடப் பயந்தவள்.

சுவர் அசைவது நின்றது. கனமான ஏதோ ஒன்று வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பழம் பிளக்கிற சத்தம் கேட்டது. பழந்தானா என்று எனக்குத் தெரியவில்லை. "அம்மாயி எங்கம்மா?" என்று மகள் கேட்டபடியே இருந்தாள். "பக்கத்து ஊட்டுக்குப் போயிருக்கும், கத பேச" என்றேன். மகள் தன் வயிற்றின் மேல் என் கையை எடுத்து வைத்தாள். உள்ளே அசைவு இருந்தது. வெளியே அம்மாவின் சத்தம் இல்லை.

ஃபாரஸ்ட் வாச்சர்களின் ஜீப் வந்து, பட்டாசு வெடித்து, யானை ஓடையில் இறங்கின பிறகு கதவு தட்டப்பட்டது. நான் திறக்கவில்லை.

"தெறடி. நான்தான்."

"கூப்பிட்டாலும் தெறக்காதன்னு நீதானே சொன்ன?"

"இப்பவா கேலி? கோடி வீட்டுக் கோழிக்கூண்டுக்குள்ள உக்காந்திருந்தேன். ஒடம்பெல்லாம் கோழிப்பீ. தெற."

திறந்தேன். என்னைத் தாண்டி நேராகக் கட்டிலுக்குப் போனாள். இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை அவிழ்த்தாள். நசுங்கின சில சுளைகள்.

"சாப்புடு பாப்பா. போடுறதுக்கு முன்ன பிச்சிக்கிட்டேன், அவரு பாக்கல."

மகள் அழுதுகொண்டே தின்றாள். நான் அம்மாவின் சேலையைப் பிடுங்கி, பழ வாசனை போக ஃபினாயிலில் முக்கினேன்.

பேரன் மாசம் முடிந்தே பிறந்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அம்மா தன் கட்டிலிலேயே, நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தாள். போன மாதம் அவள் திதிக்குப் படத்தின் முன்னால் நாங்களேதான் சாம்பிராணி போட்டோம். வீடு முழுக்கப் புகை. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.