காதர் பாய் போட்ட டயர்

காதர் பாய் போய்விட்டார் என்ற செய்தி, சென்ற வெள்ளிக்கிழமை காலை என் ராயபுரம் கடையில் உப்பு மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது வந்தது. சொன்ன வண்டிக்காரர் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். பாயைத் தெரிந்த உங்களுக்கு அது புரியும். மனிதர் நிறைவாக வாழ்ந்து, வாய் நிறையப் பேசி, ஆசை தீரச் சண்டை போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவன் என்ற முறையில் இதை எழுத எனக்கு உரிமை உண்டு.

யுத்தம் முடிந்த கையோடு ஏலம் விட்ட பட்டாள லாரி ஒன்றை நாங்கள் கூட்டாக வாங்கினோம். எண்ணூர் உப்பளத்திலிருந்து ராயபுரத்துக்கு உப்பு ஏற்றிவரத்தான். முக்கால்வாசி வழி தார் ரோடு, மிச்சம் கடலோர மணல். பழைய டயர்கள் தேய்ந்ததும் எங்கள் வழக்கு தொடங்கியது. தார் ரோட்டுக்கு ஏற்ற வழவழப்பான டயரே போதும் என்றேன் நான்.

“எங்க அதிகமா ஓடுதுன்னு பாக்காத அண்ணாச்சி, எங்க நின்னா பேஜாருன்னு பாரு. மணலுக்குப் பல்லு வோணும்” என்றார் பாய்.

யானைக்கவுனிப் பக்கமெல்லாம் அலைந்து, கட்டை கட்டையாகப் பல் வைத்த பட்டாள டயர்களைப் பிடித்துவந்து மாட்டினார். தார் ரோட்டில் அவை போட்ட இரைச்சலில் திருவொற்றியூரே எங்கள் வருகையைத் தெரிந்துகொண்டது. பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களைக்கூடக் கூப்பிட்டு டயரைக் காட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் எங்களிடம் மூட்டை ஏற்றும் ஆளின் தங்கை தனத்துக்குக் கல்யாணம் வந்தது. எண்ணூர்க் குப்பத்திலிருந்து பெண்ணைத் திருவொற்றியூர்க் கோயிலுக்கு எங்கள் லாரியில்தான் அழைத்துப்போனோம். அழைக்க வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவும் ஏறிக்கொண்டார். பாய்தான் ஓட்டினார். உப்பளத்து வழியைவிட இளகிய குப்பத்து மணலைத் தாண்டுவதற்குள் சக்கரம் சுழன்றது. அவர் அழுத்த அழுத்த, லாரி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது.

“பொண்ணு கால வச்ச நேரம், வண்டியே பூமிக்குள்ள பூந்துக்கிச்சு. இன்னா ராசியோ!” என்றார் பெரியப்பா.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. இப்படி ஒரு பேச்சுக்கு நின்றுபோன கல்யாணங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தனம் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

பாய் கீழே குதித்தார். பெரியப்பாவைக் கையைப் பிடித்து இறக்கிச் சக்கரத்தருகே உட்காரவைத்தார்.

“நல்லாப் பாரு நைனா. இந்தப் பல்லு மணலத் தோண்டிகினு உள்ள போவுது. சேத்துக்குத்தான் இது லாயக்கு. வழவழ டயரா இருந்து, காத்தையும் கொறச்சிருந்தா மெதந்துகினு போயிருக்கும். அண்ணாச்சி சொன்னாரு, நான் கேக்கல. இதுல பொண்ணு இன்னா பண்ணுச்சு? டயர் நான் போட்டது. தப்பு என்னுது!”

கடற்கரை முழுக்கக் கேட்டிருக்கும். நான் மணலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. தார் ரோட்டைத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

பாய் மண்டியிட்டு டயர்களில் காற்றை இறக்கினார். குப்பத்து ஆட்கள் வலை இழுக்கும் கயிற்றை லாரியில் கட்டி இழுத்தார்கள். பெரியப்பாவுக்கும் கயிற்றில் ஓர் இடம் கொடுத்தார் பாய். லாரி மேலே வந்தது. தார் ரோட்டைத் தொட்டதும் காற்றடிக்கும் பம்பை முதலில் பெரியப்பா கையில்தான் கொடுத்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காற்றடித்ததைப் பார்த்துத் தனமே சிரித்துவிட்டாள். ராசியைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. முகூர்த்தமும் தப்பவில்லை.

அடுத்த வாரமே டயரை மாற்றினோம். நான் சொன்ன டயர், அவர் சொன்ன காரணத்துக்காக. மணல் வந்தால் காற்றை இறக்குவோம், தார் வந்தால் அடிப்போம். லாரியில் ஓசியில் ஏறியவர்கள் எல்லோரும் பம்பு அடித்தாக வேண்டும் என்பது பாய் போட்ட சட்டம். அதற்கப்புறம் எங்கள் சண்டைக்கு வேறு விஷயங்கள் கிடைத்தன.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். பழி ஒரு பெண்ணின் தலையில் விழப்போகிற நேரத்தில், ஊர் கேட்க “தப்பு என்னுது” என்று சொல்லும் அந்தத் தொண்டை. எனக்கு இன்னும் அவ்வளவு சத்தமாக வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.