கறுப்புப் பட்டையில் உட்கார்ந்திருந்தவர்கள்

பேய், ஆவி என்று யாராவது வந்தால் ‘போய் வேலையைப் பாரு’ என்று விரட்டுகிற ஆள் நான். எனக்குப் படிப்பு பஸ் போர்டு வாசிக்கிற அளவுதான், ஆனால் கண் இன்றைக்கும் பழுதில்லை. கண்டதைத்தான் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் மகள் பத்மா சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது முறை, படியேறக்கூடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட, திருத்தணியில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சும்மா இருந்தால் பயம்தான் வரும் என்று மாப்பிள்ளை ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தார். அகலத் திரை, கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதில் ஊர் கட்டுகிற ஆட்டம் ஒன்றை நெட்டிலேயே காசு கட்டி வாங்கினாள். கடையும் இல்லை, பெட்டியும் இல்லை, எல்லாம் கம்பி வழியாக இறங்குமாம். நெட் அறுந்தால் ஆட்டம் திறக்காது. திறந்தாலும் நடுவில் மட்டும்தான் படம், இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு பட்டை.

“பழைய ஆட்டம், அகல ஸ்கிரீனுக்கு வராதுன்னு காசு வாங்கும்போது சொன்னானாம்மா? எழுதிப் போட்டா பதிலே காணோம்.”

“தறி அகலம் பாக்காம பாவு நூலு வாங்கினவ மாதிரி பேசிக்கினு கீறியேடீ,” என்றேன். பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவள், வேறு எப்படிச் சொல்வேன்.

“ஆங், சிரி, சிரி. கண்ணு வலிக்கிறது எனக்குத்தான!”

ஒரு மத்தியானம் அவள் ஆடிக்கொண்டிருக்க, பின்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன். இடது பட்டையில் எங்கள் இருவரின் நிழல். வலது பட்டையில் இரண்டு சின்னப் பெண்கள் தரையில் சம்மணம் போட்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று திரும்பினேன், அரிசி மூட்டைதான் இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தால் இருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்று கேட்காதீர்கள்.

வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இதைச் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். கம்ப்யூட்டரை அணைத்தால் முழுத்திரையும் கறுப்புதான், அதில் ஒரு நாளும் தெரியவில்லை. ஆட்டம் ஓடினால்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

மாதம் நெருங்கியிருந்தது. அன்றைக்கும் தலை வாரிக்கொண்டே வலது பட்டையைப் பார்த்தேன். இரண்டு பேரும் விலகி இடம் விட்டிருந்தார்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று, மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம். மலையிலிருந்து மொட்டையோடு இறங்குகிறவர்கள் எங்கள் தெருவில் எந்நேரமும் உண்டு, ஏதோ பிள்ளை வழி தவறி உள்ளே வந்துவிட்டதோ என்று திரும்பினேன். யாரும் இல்லை.

“எழுந்திருடீ, ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“வலியே இல்ல, உனக்கு என்னம்மா பைத்தியமா? இப்பதான் ஆத்துக்குப் பாலம் கட்டிக்கினு கீறேன்.”

“பாலம் அப்பறம் கட்டலாம். கொழந்த அசைஞ்சு எவ்ளோ நேரமாச்சு?”

அவள் கை நின்றுவிட்டது. “ஆட்டத்துல... கவனிக்கலம்மா.”

ஆட்டோவில் போனோம். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, உடனே வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. “வலியில்லாம எப்படிம்மா கூட்டிக்கினு வந்தீங்க?” என்று டாக்டரம்மா கேட்டாள்.

வீடு திரும்பிய பிறகு மாப்பிள்ளை எங்கிருந்தோ எதையோ இறக்கிப் போட்டார், படம் திரை முழுக்க நிறைந்தது. “முழுசா வருதும்மா, பாரு,” என்றாள் பத்மா. பார்த்தேன். கறுப்பு ஒரு நூலளவும் இல்லை.

காப்பாற்ற வந்தார்களா, கூட்டிப்போக வந்தார்களா, எனக்கு விளங்கவில்லை. பேத்தி இப்போது எட்டாவது படிக்கிறாள். மொட்டை போட எங்கெங்கிருந்தோ ஜனம் இந்த மலைக்கு வருகிறது, அடிவாரத்திலேயே இருக்கிற எங்கள் பேத்திக்கு இன்னும் போடவில்லை. பட்டையில் கண்ட அந்த மொட்டைத் தலை இவளுடையதாக ஆகிவிடுமோ என்று, ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். போன கிருத்திகையன்று அவளே வந்து கேட்டாள்:

“பாட்டி, எனக்கு மட்டும் ஏன் மொட்ட போடல?”

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பத்மா கத்தினாள், “வேணாம்! அந்தப் பேச்சே எடுக்காத!”

சந்தனம் பூசிய அந்தத் தலையைப் பற்றி இன்றுவரை நான் பத்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.