தொப்பிக்காரனை எங்க போறன்னு கேட்ட கதை

பாஸ், நீங்க சிரிச்சாலும் பரவால்ல. பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து தே தாரிக் டீ வாங்கப் போயிடுற ஆளு நான். பிரிக்பீல்ட்ஸ்ல வீட்டுல உக்காந்து படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் போடுறதுதான் என் பொழப்பு. போன வருசம் கிள்ளான்ல ஒரு பழைய பட ரசிகர் குழு, அவங்க ஹால்ல போட்டுக் காட்ட ஒரு அமெரிக்கப் படம் குடுத்தாங்க. சினிமா பேச ஆரம்பிச்ச புதுசுல எடுத்தது, மைக்கைப் பூ ஜாடிக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பாங்க போல, அழறவங்க சண்ட போடுறவங்க எல்லாரும் அந்த ஜாடியச் சுத்தியே நிப்பாங்க. கதைன்னு பாத்தா, புருசன் கோவிச்சுக்கிட்டுத் தொப்பிய மாட்டிக்கிட்டுக் கிளம்புவான், ரயில் கவுந்து செத்துப் போவான், மிச்சப் படம் பூரா பொண்டாட்டி அழுவா.

படம் போடுற அன்னைக்கு மத்தியானம் கடைசியா ஒரு தடவ ஓட்டிப் பாக்குறேன். என் வீட்டுக்காரி மல்லிகா பக்கத்துல கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. அவன் கதவுகிட்ட போறான், இவ பாதி நினைப்புல, "எங்கப்பா போற, இந்த வெயில்ல?"ன்னுட்டா.

நமக்குத் தெரியாததா, கிளம்புறவனை எங்கன்னு கேட்டா போற காரியம் விளங்காது, உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடி கிளம்பணும். நம்புனா நம்புங்க, அந்த வெள்ளக்காரன் திரும்பி வந்தான், தொப்பியக் கழட்டினான், உக்காந்து தண்ணி குடிச்சான். பொண்டாட்டி சிரிச்சா. படம் முடிஞ்சு போச்சு!

"நல்ல படம்லா"ன்னுட்டு மல்லிகா கீரையத் தூக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. எனக்கு வேர்த்துக் கொட்டுது, பாதிப் படத்தக் காணோம். மறுபடி ஓட்டினேன், அவளை அடுப்படியிலயே நிறுத்தி வச்சுட்டு. அவன் ஒழுங்காப் போயி ஒழுங்காச் செத்தான். அப்பாடான்னு இருந்துச்சு.

கிள்ளான் போற வழியில, "அங்க வாயத் தொறந்தே, என் பேரு கெட்டுச்சு"ன்னு கண்டிச்சேன்.

"சரிங்க. ஆனா பாவம்ங்க, அவன் செத்துருவான்ல?"

"அது அவன் கதை. நம்ம பொழப்பப் பாரு."

ஹால்ல நல்ல கூட்டம். அந்தக் காட்சி வந்துச்சு. அவன் கதவுல கை வச்சான், போகல. மெதுவாத் திரும்பிக் கூட்டத்துல யாரையோ தேடினான், மல்லிகா மேல வந்து பார்வை நின்னுச்சு. முன்வரிசை அங்கிள் ஒருத்தர், "என்னலா, படம் நின்னு போச்சா?"ங்கிறாரு. மல்லிகா என் கையப் புடிச்ச புடியில நகம் பதிஞ்சுது, ஆனா சொன்ன சொல்லுக்கு வாயத் தொறக்கல.

கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு அவன் கதவத் தொறந்து போயிட்டான், செத்தும் போனான். சப்டைட்டில் பிரமாதம்னு எல்லாரும் கை குடுத்தாங்க. ஆனா அந்தத் தொப்பிக்காரன் கதவத் தாண்டிப் போறதுக்கு முன்னால சரின்னு ஒரு தடவ தலைய ஆட்டினான் பாருங்க, அது மட்டும் என்னைப் பாத்து.