அ எந்தக் கேமரா, ஆ எந்தக் கேமரா?

ஸ்டுடியோவில் ஒருவருக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. "மேடம், அண்ணன் போயிட்டாருங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு" என்றார் தயாளன் சாரின் தம்பி. எனக்கு அழுகை வரவில்லை. 'அடப்பாவி மனுஷா, அ எது, ஆ எது என்று சொல்லாமலே போய்விட்டீர்களே' என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது. அவரை அறிந்த உங்களிடம் மறைப்பதற்கும் ஒன்றுமில்லை.

நம் புகைப்படக் குழுவுக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். தயாளன் சார் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். விடுமுறை என்றால் மலையடிக் காட்டில் பறவைகளோடு இருப்பார். சென்ற குளிர்காலத்தில் சென்னைக் கடைக்காரர் ஒருவர், புதிதாக வந்த இரண்டு உயர்ரக மிரர்லெஸ் கேமராக்களைப் பத்து நாளுக்குக் கொடுத்தார். காட்டுயிர்ப் படத்துக்கும் வீடியோவுக்கும் எது மேல் என்று அவரும் நானும் சேர்ந்து எழுத வேண்டும். நீங்கள் பலரும் அதைப் படித்துவிட்டு வாங்கலாம் என்று காத்திருந்தீர்கள். இன்னும் காத்திருக்கிறீர்கள்.

வெயிலில் வீடியோ எடுத்தால் எது சூடாகி நின்றுபோகிறது என்று பார்க்க, அடி அண்ணாமலைப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் உச்சி வெயிலில் இரண்டு ட்ரைபாடையும் நிறுத்தினார். நிழல் கூடாது, குடை கூடாது. அரைமணி நேரம் ஒழுங்காக ஓடியது. அப்போது ஒரு விவசாயி ஓடிவந்தார். "இன்னா சார், சர்வேயா? ரோடு பெருசாக்கப் போறீங்களா? எங்க ஊடு போயிடுமா?" கொக்கைப் படமெடுக்கிறோம் என்றால் அவர் நம்பவில்லை. உடனே சார் ஓடிக்கொண்டிருந்த கேமராவின் திரையை அவர் பக்கம் திருப்பி, அவரையே பார்க்கச் சொன்னார். கொக்கின் கண்ணைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர் முகம் தெளிந்தது. அவர் போனதும் சார் இரண்டையும் அணைத்தார். "ஒண்ணு மேல இவரு நிழல் விழுந்துடுச்சு மேடம். ஒண்ணுக்கு வெயில் ஜாஸ்தி, ஒண்ணுக்கு கம்மின்னா அது கம்பேரிசனே இல்ல. மொதல்லேர்ந்து வரலாம்."

அதைவிடக் கொடுமை அவருடைய 'மாற்று' விதி. ஒரு கை ஒரு கேமராவுக்குப் பழகிவிட்டால் தீர்ப்பு அதன் பக்கம் சாய்ந்துவிடுமாம். அதனால் பாதி நேரத்தில் இருவரும் கேமராவை மாற்றிக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் நம் மலையடிக்கு வரும் ஆறுமணிக் குருவிதான் எங்கள் இலக்கு. சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஆறரைக்கு எழுவோம். பாதி நேரம் எது? ஆறு மணி. அந்தக் குருவி எப்போது வெளியே வந்து கூவும்? அதன் பெயரிலேயே இருக்கிறது. மூன்றாம் நாள் அது எங்கள் எதிரில் ஒரு வேரின் மேல் ஏறி நின்று, வாலை ஆட்டி, இரண்டு முறை கூவியது. எங்கள் இருவர் கையிலும் ட்ரைபாடிலிருந்து கழற்றிய கேமரா. "சார், விட்டுத் தொலைங்க, அப்படியே எடுங்க!" என்று பல்லைக் கடித்தேன். "ரூல்னா ரூல்தான் மேடம்" என்றார். குருவி போய்விட்டது. மறுநாளாவது ஐந்தே முக்காலுக்கு மாற்றலாம் என்றேன். "அப்போ அது பாதி இல்லியே" என்றார். ஆறுக்கு முன்னும் பின்னும் கிடைத்த படங்கள்தான் மிச்சம்.

பத்து நாள் முடிந்து கேமராக்கள் சென்னைக்குத் திரும்பின. சார் எல்லாப் படங்களையும் ஒரே அளவாக்கி, எந்தக் கேமராவில் எடுத்தது என்ற விவரத்தையும் தேதியையும் நீக்கி, இரண்டு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தார். ஒன்றின் பெயர் அ, இன்னொன்றின் பெயர் ஆ. பெயரைப் பார்த்து மயங்காமல் நான் தீர்ப்பு எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அவர் சொல்வார். மூலப் படங்கள் எங்கே என்று கேட்டேன். "அழிச்சுட்டேன். இருந்தா நீங்க எட்டிப் பாப்பீங்க." எங்காவது குறித்தாவது வைத்தீர்களா? "எழுதி வெச்சாலும் கண்டுபுடிச்சிடுவீங்க." உண்மைதான், பார்த்திருப்பேன். தேடாத இடமில்லை என்று அவர் தம்பியும் சொல்லிவிட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து இரண்டு ஃபோல்டரையும் திறந்தேன். எந்தக் கேமரா என்று ஒரு படத்தில்கூட என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் எது யார் எடுத்தது என்று ஒவ்வொன்றிலும் தெரிந்தது. குருவி தலை நிமிர்ந்து நேராகப் பார்க்கும் படமெல்லாம் என்னுடையது. இத்தனை வருடம் 'இங்க பாருங்க' என்று சொல்லியே பழகிய விரல், வேறு எப்போது அழுத்தும்? சருகைப் புரட்டிக்கொண்டு, புழுவை இழுத்துக்கொண்டு, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கும் குருவியெல்லாம் அவருடையது. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

சரி, கேமராவில் என்ன இருக்கிறது, எல்லாம் எடுப்பவர் கையில்தான் என்று எழுதி முடித்துவிடலாம் என்றால், அதற்கும் வழியில்லை. அந்த வாக்கியத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அது சோம்பேறிங்க பேச்சு மேடம். கேமராவும் முக்கியம். ஒழுங்கா பாத்து, எதுன்னு சொல்லுங்க" என்பார். போன பிறகும் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறார்.

இரண்டு ஃபோல்டரும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும்போதெல்லாம் அவர்மேல் வரும் கோபமும் இருக்கிறது. கூடவே அந்தப் பாழாய்ப்போன விதியும் இருக்கிறது. கடைக்காரரிடம் கேமராக்களை மறுபடி கேட்டிருக்கிறேன். வரும் குளிர்காலத்தில் குருவி வந்ததும் ஐந்தரைக்குப் போய் உட்காருவேன். இரண்டு ட்ரைபாடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். உங்களில் ஒருவர் என்னோடு வர வேண்டும். சரியாக ஆறு மணிக்கு, குருவி எதிரில் வந்து கூவினாலும் சரி, நான் எவ்வளவு திட்டினாலும் சரி, கேமராவைக் கழற்றி என்னிடம் நீட்ட வேண்டும்.